துள்ளிக்குப் பொருந்திய விசிறி

கூடக்கொஞ்சம் என்கிற பெயரை அண்ணி முதன்முதலில் கேட்டது அவளுடைய கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது. அப்போது அவள் யாருக்கும் அண்ணி ஆகியிருக்கவில்லை. படகு இருக்கைகளுக்கு மெத்தை தைக்கும் கடையில் கத்தரிக்கோலும் கையுமாக நின்ற பெண். அவளுடைய சித்தப்பாவின் மைத்துனி, மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டு வழியில் உறவு. பெண் கொடுத்த வழியில் ஒன்று, எடுத்த வழியில் ஒன்று. அந்த அம்மாள்தான் வந்து உட்கார்ந்து, மாப்பிள்ளையைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, செருப்பை மாட்டும்போது ஒரு விஷயத்தைப் போட்டாள்.

“மாப்பிள்ளை தங்கம். வாயே திறக்க மாட்டார். தம்பி ஒருத்தன் இருக்கான், அவன் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவான். அவன் பேரு கூடக்கொஞ்சம்.”

“இது என்ன பேரு?”

“போய்ப் பாரு, தெரியும்.”

பெயர் வந்த கதை சின்னதுதான். பால் குடித்து முடித்ததும் டம்ளரைத் திருப்பி நீட்டுகிற குழந்தையாம் அவன். பேச்சு வந்ததும் வாயில் வந்த முதல் சொல்லே அதுதானாம். சோறு கூடக் கொஞ்சம், ஊஞ்சல் கூடக் கொஞ்சம், தூக்கம் கூடக் கொஞ்சம். ஒருமுறை அப்பா பிரம்பெடுத்து நாலு வைத்துவிட்டு மூச்சு வாங்கி நிறுத்தியபோது, பழக்க தோஷத்தில் “கூடக் கொஞ்சம்” என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் திருதிருவென்று விழித்தானாம். அப்பாவுக்குச் சிரிப்பு வந்து பிரம்பைக் கீழே போட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் அன்றோடு போயிற்று.

அண்ணி வாழ வந்த வீடு பட்டறைக்கு மேலே இருந்தது. கீழே படகுப் பட்டறை, மாடியில் குடித்தனம். பிசின் வாடை படிக்கட்டு ஏறி அடுப்படி வரைக்கும் வரும். அவளுடைய தையல் எந்திரத்தைக் கீழே ஜன்னலோரம் போட்டுக் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்தால், படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவும் அதற்கப்பால் வளைகுடாவும் தெரியும். எஞ்சின் வேலை எல்லாம் அண்ணனுடையது; அதாவது அவள் கணவர். காலையில் இரண்டு வார்த்தை பேசினால் சாயங்காலம் வரைக்கும் போதும் என்று இருக்கிறவர். படகின் உடம்பை ஒட்டுவது, தேய்ப்பது, சாயம் அடிப்பது, வந்தவர் போனவரோடு பேசுவது எல்லாம் கூடக்கொஞ்சத்தின் இலாகா.

அவனுக்கென்று சொந்தமாக உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது துள்ளி. அண்ணி அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவன் தன் கையால் கட்டிய பந்தயப் படகு. குறுகலான உடம்பு, இரண்டு பேர் தோளோடு தோள் உரசி உட்காரும் இடம், பின்னால் அந்த உடம்புக்குச் சற்று அதிகமான எஞ்சின். நிற்கும்போது குடிகாரனைப் போல் ஆடும். வேகம் பிடித்தால்தான் நிமிர்ந்து நடக்கும். வருஷத்துக்கொருமுறை வளைகுடாவில் நடக்கும் பந்தயத்தில் துள்ளி தவறாமல் கலந்துகொள்ளும், தவறாமல் கடைசிக் கும்பலில் வரும்.

காரணம் படகில் இல்லை, விசிறியில் இருந்தது. விசிறி என்றால் கூரையில் சுற்றுகிற விசிறி இல்லை. எஞ்சினுக்குக் கீழே, தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளுகிற விசிறி. கடைக்காரர்கள் புரொப்பெல்லர் என்பார்கள். அதன் நடுக்குமிழில் ஒரு எண் பொறித்திருக்கும். தண்ணீர் மட்டும் மரக்கட்டை மாதிரி கெட்டியாக இருந்தால், திருகாணி இறங்குவதுபோல ஒரு சுற்றுக்கு அத்தனை அங்குலம் படகு முன்னே போகும் என்று அதற்குப் பொருள். எண் ஏற ஏற ஒரு சுற்றில் தாவும் தூரம் அதிகம். அப்படியானால் பெரிய எண்ணாகப் பார்த்து மாட்டினால் ஆயிற்று என்று தோன்றும். கூடக்கொஞ்சத்துக்கும் அப்படித்தான் தோன்றியது, வருஷா வருஷம்.

அண்ணன் வாயைத் திறந்து நீளமாகப் பேசிய சொற்ப சந்தர்ப்பங்களில் ஒன்று இதைப் பற்றியது.

“எஞ்சினுக்கும் வாய் ஒரு அளவுதான்டா. பெரிய கவளமா உருட்டித் திணிச்சா மெல்ல முடியாம முழிக்கும். துக்கடா துக்கடாவா ஊட்டினா வெறும் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சுத்தும். முழு வேகத்துல, சுத்தைக் காட்டுற மீட்டர் முள்ளு பச்சைப் பட்டைக்குள்ள நிக்கணும். அங்க நின்னாத்தான் அது பொருந்தின விசிறி.”

“அண்ணா, வளர்ற பிள்ளைக்குச் சட்டை பெரிசாத்தானே எடுப்போம்?”

“எஞ்சின் வளராதுடா.”

அவ்வளவுதான் அண்ணன். மறுபடி எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொள்வார். கூடக்கொஞ்சம் அந்த வருஷமும் ஓர் எண் ஏற்றி மாட்டுவான். பந்தயத்தில் துள்ளி, எல்லைக்குப் போட்டிருக்கும் ஒவ்வொரு மிதவையையும் சுற்றித் திரும்பும்போது முக்கி, முனகி, எழுந்து நிற்பதற்குள் மற்றவர்கள் அடுத்த மிதவைக்குப் போயிருப்பார்கள்.

அந்த மற்றவர்களில் ஒருவர் அத்தான். இந்த வீட்டு மூத்த அக்காளைக் கட்டியவர். கடற்கரையில் வாடகைப் படகு விடுகிறவர். வெள்ளைச் சப்பாத்து இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வாழைப்பழம் மாதிரி நீளமான ரப்பர் மிதவை ஒன்றை விசைப்படகின் பின்னால் கட்டி, அதன்மேல் ஆறேழு பேரை வரிசையாக உட்கார வைத்து, அவர்கள் கூச்சல் போடப் போட இழுத்துக்கொண்டு போவது அவருடைய முக்கியத் தொழில். பந்தயத்திலும் ஒரு படகு ஓட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டில் சாப்பாடு. கை கழுவிவிட்டு வந்த அத்தான் பல் குத்திக்கொண்டே ஆரம்பித்தார்.

“மாப்ளே, அந்தத் துள்ளியை எதுக்குக் கட்டிக்கிட்டு அழுவுற? என்கிட்ட குடு. பின்னாடி ரப்பரைக் கட்டி நாலு பேரை இழுத்தா, அதாவது உருப்படும்.”

“துள்ளி ரப்பர் இழுக்கப் பிறந்தது இல்ல அத்தான்.”

“பின்ன எதுக்குப் பிறந்துச்சு? என் முதுகைப் பாக்கறதுக்கா?”

“இந்த வருஷம் உங்களுக்குப் பின்னாடி வந்தேன்னா படகை எடுத்துக்குங்க. போங்க! கூடக் கொஞ்சம், அதை ஏத்திக்கிட்டுப் போற வண்டியையும் எடுத்துக்குங்க!”

“டேய், வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடா” என்றாள் அக்காள்.

அண்ணி தன் கணவரைப் பார்த்தாள். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு, “சரி” என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள். பேசாதவர் ஒரு சொல் சொன்னால் அது கல்லில் வெட்டினது. பட்டறைக் கொட்டகையில் பாதியைத் துள்ளி அடைத்துக்கொண்டு நிற்க, வேலைக்கு வந்த படகுகள் மழையில் நனைந்துகொண்டிருந்தது அவருக்குப் பல வருஷ உறுத்தல். கூடக்கொஞ்சத்தின் முகம் சுண்டிப்போனதை அண்ணி பார்த்தாள். அந்த முகத்தில் அதற்கு முன் அப்படி ஒரு சுருக்கத்தை அவள் பார்த்ததில்லை. துள்ளியின் பின்னால் ரப்பர் வாழைப்பழம் துள்ளிக்கொண்டு போவதை அவன் அந்த இடத்திலேயே கண்ணால் கண்டுவிட்டான் என்று தோன்றியது.

சோதனை என்று வந்தால் தனியாகவா வரும்? எஞ்சின் ஒன்றைத் தூக்கப் போன அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வைத்தியர் பட்டை கட்டி, படகு ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். பந்தய விதிப்படி படகில் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் முள்ளையும் மிதவையையும் பின்னால் வருகிற படகுகளையும் பார்த்துச் சொல்ல. ஒன்றிரண்டு வருஷம் தவிர, அந்த இடம் எப்போதும் அண்ணனுடையது. அவர் உடம்பும் துடைப்பக்குச்சிதான், துள்ளிக்குப் பாரம் தெரியாது.

வேறு யாராவது ஏறுவார்களா என்றால், ஒருமுறை ஏறியவர் மறுமுறை ஏறியதாகச் சரித்திரம் இல்லை. பெரியம்மா மகன் திருப்பத்தில் தண்ணீரில் விழுந்து, பந்தயம் முடியும்வரை மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். அத்தை வீட்டு மருமகன் ஏறி இறங்கிய பிறகு, இந்தத் தெரு வழியாக வருவதையே நிறுத்திவிட்டான்.

“நான் ஏறுறேன்” என்றாள் அண்ணி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

கூடக்கொஞ்சம் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் நிறுத்திக்கொண்டான்.

“அண்ணி, நெசமாவா?”

“என் அப்பா தோணி விட்டவர். நடக்கறதுக்கு முந்தி நீந்தினவ நான். மிதவையைப் பார்த்துச் சொல்றதுக்கு என்ன, எனக்குக் கண்ணு இல்லையா?”

அப்படியாக ஆள் கிடைத்தாயிற்று. இனி விசிறி தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் படகைப் பந்தயத்தன்று இருக்கப்போகும் பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். எரிபொருள் நிரம்ப, ஆள் இரண்டு பேர். பட்டறையில் வழக்கம், ஏறப்போகிறவரின் எடைக்கு மணல் மூட்டையைப் பக்கத்து இருக்கையில் கட்டி ஓட்டுவது. விசிறியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி ஓட்டும்போது ஒரு மனுஷரை அத்தனை நேரம் குலுக்க முடியாதல்லவா?

கூடக்கொஞ்சம் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு தையல் எந்திரத்தின் பக்கம் வந்து நின்றான். சுவரைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான்.

“அண்ணி, ஒரு சின்ன விஷயம். மூட்டை எத்தனை கட்டணும்னு... அதாவது மணல் கணக்குக்கு... உங்களோட அந்த...”

“எடையா?”

“சே சே, அப்படின்னு இல்ல...”

அண்ணி எந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல் ஒரு எண்ணைச் சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம், மருந்துக்கடை வாசலில் இருந்த எடை எந்திரத்தில் ஏறியபோது வந்த எண். அதற்கப்புறம் அவள் எந்த எந்திரத்திலும் ஏறவில்லை. இடையில் இரண்டு பிள்ளைப்பேறு, இத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த தொழில். ஆனாலும் அந்த எண்ணை மாற்றச் சொல்லி அவளிடம் யாரும் வந்து கேட்கவில்லையே! ஊரார் இடுப்பையும் முதுகையும் நூல் பிசகாமல் அளந்து மெத்தை தைக்கிறவள்தான். தன் அளவு என்று வந்தால் மட்டும் நாடா சுருங்கிக்கொள்ளும்.

மாடியில் இடுப்புப் பட்டையோடு படுத்திருந்த அண்ணன் ஒரு முறை இருமினார்.

மணல் மூட்டையோடு ஓட்டிப் பார்த்ததில், கூடக்கொஞ்சம் ஆசைப்பட்ட இருபத்தைந்தாம் எண் விசிறிக்கு முள் பச்சைப் பட்டைக்கு வெகு கீழேயே படுத்துவிட்டது. இருபத்து மூன்றாம் எண், மூன்று இறக்கை விசிறிக்கு முள் பச்சைக்குள் போய் ஜம்மென்று நின்றது. மனசில்லாத மனசோடு அதையே வைத்துக்கொண்டான்.

இந்தச் சமயத்தில் அத்தான் ஒருநாள் அண்ணனுடைய இடுப்பை விசாரிக்க வந்தார். இடுப்பை விசாரித்தது இரண்டு நிமிஷம். போகும்போது துள்ளியின் பின்பக்கம் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டியது அதைவிட அதிக நேரம். அவருடைய சப்பாத்துக்குக் கயிறே கிடையாது என்பது அவர் போன பிறகுதான் அண்ணிக்கு உறைத்தது.

பிறகு அண்ணி தலைக்கவசம், மிதவைச் சட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு முதன்முறையாகத் துள்ளியில் ஏறினாள். கூடக்கொஞ்சம் விசையை முழுக்கத் தள்ளினான். துள்ளி மூக்கைத் தூக்கியது. தூக்கியது தூக்கியபடியே யோசித்துக்கொண்டு நின்றது. மெல்ல மெல்லக் கீழே வந்து ஓடத் தொடங்கியபோது முள் பச்சைப் பட்டைக்கு ஒரு விரல்கடை கீழே நின்றுவிட்டது. திருப்பத்தில் முனகல். நிமிர்வதற்குள் ஒரு யுகம். போன வருஷத்துத் துள்ளி அப்படியே திரும்பி வந்துவிட்டது.

கரைக்கு வந்ததும் கூடக்கொஞ்சம் தலையைச் சொறிந்தான்.

“பிளக் பழசு அண்ணி. அதான்.”

பிளக் மாற்றினான். முள் அங்கேயே நின்றது. “எண்ணெயில தண்ணி கலந்திருக்கும்” என்று தொட்டியைக் காலி செய்து புதிதாக நிரப்பினான். முள் அசையவில்லை. “அடியில பாசி” என்று படகைக் கவிழ்த்துப்போட்டு, கண்ணாடி மாதிரி தேய்த்தான். “காத்து எதிர்ல அடிக்குது” என்றான். காற்று திரும்பிய பிறகு, “பின்னாடி இருந்து அடிச்சாலும் ஒரு தொந்தரவுதான்” என்றான். கருவிப் பெட்டியை இறக்கினான். துடுப்பை இறக்கினான். அண்ணியே தைத்த இருக்கை மெத்தையைக் கூட ஒருநாள் காணவில்லை.

“மெத்தை எங்க தம்பி?”

“அது வந்து... ஈரத்தை ரொம்ப உறிஞ்சுது அண்ணி. உங்க ஹெல்மெட் கூட ஒரு மாதிரி கனமோன்னு...”

உலகத்தில் உள்ள எல்லாவற்றின் மேலும் பழி போட்டான். அண்ணியின் மேல் மட்டும் போடவில்லை. வாய் ஓயாத பிள்ளை, அத்தானை வாசலில் நிற்க வைத்துப் பேசுகிறவன், அண்ணனிடம் மல்லுக்கு நிற்கிறவன், அண்ணி சொன்ன எண்ணைத் தவறு என்று சொல்ல அவன் நாக்கு புரளவில்லை. வந்த நாளிலிருந்து அவனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவள், பெண் பார்க்கப் போன இடங்களில் அவன் வருமானத்தைக் கூட்டிச் சொல்லிக் குலைத்துக்கொண்ட சம்பந்தங்களுக்கெல்லாம் பெண் வீட்டாரிடம் போய் மன்னிப்புக் கேட்டு வந்தவள். அவளிடம் எப்படிக் கேட்பது?

அண்ணிக்கும் தெரியாமல் இல்லை. முள் விழுந்த முதல் நாளே மருந்துக்கடை எடை எந்திரம் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் சொல்லவேண்டும் என்று படியிறங்கி வருவாள், கொட்டகையில் அவன் படுத்துக்கொண்டு படகைத் தேய்ப்பதைப் பார்த்ததும், “காபி வேணுமா தம்பி?” என்று கேட்டுவிட்டு ஏறிப் போய்விடுவாள். இத்தனை வருஷம் காப்பாற்றிய எண்ணை நடுக்கூடத்தில் போட்டு உடைப்பதென்றால் லேசா?

பந்தயம் நெருங்கிவிட்டது. ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணி சோறு போட்டாள். கூடக்கொஞ்சம் தட்டின்மேல் கையை வைத்து மறைத்தான்.

“போதும் அண்ணி.”

அண்ணியின் கையில் இருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. அந்த வீட்டில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதில்லை.

“உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. வயிறு ஒரு மாதிரி.”

அப்போதுதான் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஒரு துளை, ஆணியால் குத்தியது. நாலைந்து நாளாகவே காலைப் பலகாரத்தை அவன் கீழே எடுத்துக்கொண்டு போனதும், தெருநாய் வாலை ஆட்டிக்கொண்டு பட்டறை வாசலிலேயே குடியிருந்ததும் ஒன்றோடொன்று சேர்ந்தன. அவளைக் குறைக்க முடியாமல் தன்னைக் குறைத்துக்கொண்டிருக்கிறான் மனுஷன்! அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் மறைக்க அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

பாத்திரத்தை வைத்துவிட்டு நேரே படியிறங்கினாள். கொட்டகை மூலையில் அடுக்கியிருந்த மணல் மூட்டையில் ஒன்றை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய், முன்பு அவள் எடைக்கென்று கட்டி வைத்திருந்த மூட்டைகளுக்கு மேல் தொப்பென்று போட்டாள். திரும்பிப் போய் இன்னொன்றைத் தூக்கி வந்தாள். சத்தம் கேட்டுக் கூடக்கொஞ்சம் ஓடி வந்தான்.

“அண்ணி, என்ன பண்றீங்க?”

“இதையும் வச்சுக் கட்டுங்க தம்பி. கட்டி ஓட்டிப் பார்த்துட்டு விசிறி வாங்குங்க.”

“எதுக்கு அண்ணி ரெண்டு?”

“எதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தா துள்ளி வாழைப்பழம் இழுக்கும். கட்டுங்கன்னா கட்டுங்க.”

அவன் கயிற்றை எடுத்தான். அவளைப் பார்க்காமலே கட்டினான். முடிச்சுப் போடும்போது தோள் குலுங்கியது.

“சிரிக்கிறீங்களா?”

“இல்ல அண்ணி, மணல் மூக்குல ஏறிடுச்சு.”

அண்ணி கொஞ்சம் யோசித்துவிட்டு, வாசலில் நின்ற சின்ன மூட்டை ஒன்றையும் எடுத்து வந்து வைத்தாள். “இது?” என்றான் அவன், இந்த முறை நிஜமாகவே விளங்காமல்.

“பந்தயத்தன்னிக்கு நான் வெறும் வயித்தோடயா ஏறுவேன்?”

மாடியிலிருந்து அண்ணன் இருமும் சத்தம் கேட்டது. “உங்களுக்கு முதல்லயே தெரியும்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?” என்று அண்ணி கீழேயிருந்தே கேட்டாள்.

“நான் இதே வீட்டுலதான் இருந்தாகணும்” என்றார் அண்ணன்.

மூட்டைகளோடு ஓட்டியதில், முள் அதே விரல்கடை கீழே, அதே இடத்தில் நின்றது. பிளக்கும் எண்ணெயும் பாசியும் காற்றும் ஒரே நாளில் குற்றமற்றவை ஆயின. கூடக்கொஞ்சம் மெத்தையைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தான். அன்று சாயங்காலமே அண்ணியும் அவனுமாக விசிறிக் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தே பேசுகிறவள். சுவர் முழுக்க விசிறிகள், மூன்று இறக்கை, நாலு இறக்கை, மஞ்சள் உலோகம், பளபளக்கும் எஃகு. ஓட்டிப் பார்த்துவிட்டுக் கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுக்கிறவர்களுக்குக் கடனாகவும் கொடுப்பாள்.

“அங்குலத்தைக் குறை. இருபத்தொண்ணு எடுத்துக்கோ” என்றாள். “உனக்கு நாலு இறக்கைதான் சரி.”

“நாலா? நேர்ப்பாதையில மூணு இறக்கைதானே வேகம்?”

“நேர்ப்பாதை எங்க இருக்கு? பந்தயம் முழுக்க மிதவையைச் சுத்திச் சுத்தித்தான் வரப்போற. நாலு இறக்கைன்னா திருப்பத்துல தண்ணியைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். பின்பக்கத்தையும் தூக்கிக் குடுக்கும், மூக்கு வானத்தைப் பார்க்காது.”

“அதுக்காக இருபத்தொண்ணா? இருபத்திரண்டு இல்லையா? அத்தான் நேர்ல போகும்போது ஓடிருவாரும்மா!”

சட்டை பேரம் மாதிரி இழுத்துக்கொண்டு நின்றான். எண் குறைகிற ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு விரலை வெட்டிக் கொடுப்பவன் போல முகம். அண்ணி அந்த நாலு இறக்கை விசிறியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இறக்கை ஓரம் மெத்தை மடிப்பைப் போல லேசாகச் சுருண்டிருந்தது.

“தம்பி, நான் ஒண்ணு சொல்லவா? நேர்த்தையல் யாரும் ஓட்டிருவாங்க. மெத்தைக்கு மூலையிலதான் துணி இழுத்துக்கும். அங்க நூலு நிக்கலைன்னா, நேர்ல எவ்வளவு வேகமா ஓட்டியும் பிரிச்சுத்தான் தைக்கணும்.”

கூடக்கொஞ்சம் விசிறியைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். “அதையே குடுங்க” என்றான் கடைக்காரம்மாவிடம்.

மறுநாள் மணலோடு ஓட்டியபோது முள் பச்சைக்குள் ஏறி நின்றது. அண்ணி ஏறி ஓட்டியபோதும் அதே இடத்தில் நின்றது. திருப்பத்தில் துள்ளி முனகவில்லை. பின்னாலிருந்து யாரோ செல்லமாகத் தட்டிவிட்டதுபோல எழுந்து ஓடியது. அண்ணி தன்னை மறந்து “ஐயோ!” என்று கூவினாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து அவன் வேகத்தைக் குறைக்கப் போக, “யாரு குறைக்கச் சொன்னா?” என்று அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

பந்தய நாள் காலையில் அண்ணி சொன்னபடியே வயிறாரச் சாப்பிட்டாள். அவனுக்கும் போட்டாள். வளைகுடாவில் காற்று கிளம்பி, தண்ணீர் சின்னச் சின்ன மேடும் பள்ளமுமாக இருந்தது. ஒன்பது படகுகள். அத்தான் புதுசாக எஃகு விசிறி மாட்டியிருந்தார். வெயிலில் அது கண்ணைக் குத்தியது. அக்காள் அண்ணியின் காதோரம் வந்து மெல்லச் சொன்னாள்: “உங்க படகுல இருபத்து மூணு பார்த்தாராம். ‘நான் இருபத்தஞ்சு’ன்னு போய் வாங்கிட்டு வந்துட்டார். ரெண்டு நாளா அதைத் தொடைச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கார், என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்ல.” அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொள்ளப் பார்த்தாள். தலைக்கவசம் தடுத்தது.

கொடி விழுந்ததும் கடலை வறுத்த மாதிரி எஞ்சின்கள் வெடித்தன. முதல் நேர்ப்பாதையில் அத்தான் போனார். போகும்போது கை அசைத்துவிட்டே போனார். “போறாரு அண்ணி!” என்று கூடக்கொஞ்சம் அழாக்குறையாகக் கத்தினான். “முள்ளு பச்சையில இருக்கு, நீங்க மிதவையைப் பாருங்க!” என்று அவள் கத்தினாள். மிதவையைச் சுற்றும்போது துள்ளி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கயிற்றில் கட்டின கன்று போல வளைந்து எழுந்தது. அத்தானுடைய படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, மாடிப்படி ஏறின பெரிய மனிதர் மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் பக்கத்திலேயே போய், அவரைத் தாண்டி, அடுத்த நேர்ப்பாதையில் அவர் மறுபடி இவர்களைத் தாண்டி, அடுத்த மிதவையில் இவர்கள் அவரை. ஒவ்வொரு நேர்ப்பாதையிலும் அவன் உதடு அசைவதை அண்ணி பார்த்தாள். என்ன வேண்டிக்கொண்டானோ! கை மட்டும் விசையை விட்டு நகரவில்லை.

கடைசி மிதவையில் மூன்று படகுகள் ஒன்றாக நுழைந்தன. முன்னால் போன படகின் அலை குறுக்கே வந்தது. அத்தானுடைய விசிறி அலையின் முதுகில் வெளியே எட்டிப் பார்த்து, காற்றைக் குடித்து, ‘வீல்’ என்று அலறியது. “இடப்பக்கம் இடம் இருக்கு! உள்ள போங்க, உள்ள!” என்று அண்ணி அவன் முதுகில் குத்தினாள். துள்ளி மிதவையை உரசிக்கொண்டு உள்ளே புகுந்தது. அதற்கப்புறம் கோடு வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அத்தானுடைய எஞ்சின் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. கோட்டைத் தாண்டும்போது படகு நீளத்தில் பாதிதான் இடைவெளி.

நாலாவது இடம்; அத்தானுக்கு ஐந்தாவது. பரிசு மூன்று பேருக்குத்தான். கூடக்கொஞ்சம் படகிலிருந்து இறங்கியதும் முழங்கால் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். துள்ளியின் விலாவில் கையை வைத்துக்கொண்டு சிரித்தான், மூக்கை உறிஞ்சினான், மறுபடி சிரித்தான். கரையில் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையை ஒருமுறை ஆட்டினார்.

அத்தான் வெள்ளைச் சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கி வந்தார்.

“காத்து எதிர்ல அடிச்சுது மாப்ளே.”

“எங்களுக்கும் அதே காத்துதான் அத்தான்.”

“சரி சரி, அடுத்த வருஷம் பாப்போம். ஆமா, என்ன விசிறி போட்டிருக்க? எனக்கு மட்டும் சொல்லு.”

கூடக்கொஞ்சம் வாயைத் திறந்தான். பக்கத்தில் அண்ணி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு, “குடும்ப விஷயம் அத்தான்” என்றான்.

அந்த வருஷமே அண்ணன் கொட்டகையின் பக்கச் சுவரைத் தள்ளிப் போட்டு, துள்ளிக்குத் தனியாக ஓர் இடம் கட்டிக் கொடுத்தார். கூடக்கொஞ்சம் அதற்குப் பிறகு பல வருஷம் பந்தயத்தில் ஓட்டினான். முதல் இடம் ஒரு தடவையும் வரவில்லை. அண்ணி ஏறிய வருஷங்களில் இருபத்தொன்று, ஏறாத வருஷங்களில் வேறு எண் என்று, யாரும் சொல்லாமலே விசிறி மாறிக்கொண்டிருந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவள் வளைகுடாப் பக்கம் வந்தாலே தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டாள், இன்றுவரை படகில் கால் வைக்கவில்லை. போன வருஷம் அவனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது பட்டறையின் கீழ்ப் பின்னறையில் மனைவியோடு இருக்கிறான். துள்ளி இன்னும் அவனுடையதுதான், பக்கத்துக் கொட்டகையில் நிற்கிறது.